ஜேர்னல் பேரிங் இன்னும் இரண்டு வருடம் தாங்குமா? சீனக்குடாவிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

திருகோணமலையில் சீனக்குடாப் பக்கம் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் சொன்ன முக்கிய விவரம் இது: நிமிடத்துக்கு 1480 சுற்றில் ஓடும் பெரிய விசிறி, ரோட்டரின் எடை சுமார் 1.2 தொன். இரண்டு பக்கமும் வைட் மெட்டல் என்ற மென்மையான உலோகக்கலவை பூசிய ஜேர்னல் பேரிங் (குண்டுகள் இல்லாமல் எண்ணெயில் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்), விட்டம் 120 மில்லிமீற்றர், நீளம் 90. எண்ணெயின் பாகுநிலைத் தரம் விஜி 46, வெளியே இருக்கும் பம்பிலிருந்து வருகிறது. பூட்டி ஐந்து வருடமாகிறது, இதுவரை ஒரு பழுதும் இல்லை. மேலதிகாரி கேட்கிறாராம்: "அடுத்த இரண்டு வருடம் இது ஓடும் என்பதற்கு எத்தனை சதவீதம் நிச்சயம்?" போல் பேரிங்குக்கு எல்10 ஆயுள் கணிப்பதுபோல இதற்கும் ஒரு சூத்திரம் உண்டா என்பது தம்பியின் கேள்வி.

அப்படி ஒரு சூத்திரம் இல்லை தம்பி. அதற்கான காரணம் விளங்கினால் மீதி வேலை தானாகவே பிடிபடும்.

போல் பேரிங்கில் குண்டும் வளையமும் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றையொன்று அழுத்துகின்றன. எவ்வளவு ஒழுங்காகப் பார்த்தாலும் உலோகம் ஒருநாள் களைத்து உதிரும். ஒரே மாதிரியான பேரிங்குகளை ஒரே சுமையில் ஓட்டினால் பத்தில் ஒன்று எத்தனை சுற்றுக்குள் போகும் என்று சொல்ல முடிகிறது, அதுதான் எல்10. ஜேர்னல் பேரிங்கில் ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. 1880களில் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்ற பொறியியலாளர் ரயில் அச்சுப் பேரிங்குகளைச் சோதித்தபோது, எண்ணெய் விடும் துளையை அடைத்திருந்த கட்டை தானாகவே வெளியே தள்ளப்பட்டது. சுழலும் ஷாஃப்டே எண்ணெயை இழுத்துக்கொண்டுபோய் அமுக்கத்தை உண்டாக்குகிறது என்பது அதிலிருந்துதான் தெரியவந்தது. 1886இல் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் அதைச் சமன்பாடாக்கினார். இன்றைக்கும் நாம் அந்தச் சமன்பாட்டில்தான் நிற்கிறோம்.

படலம் இருக்கும்வரை உலோகமும் உலோகமும் தொடுவதில்லை. தொடாவிட்டால் தேய்வும் இல்லை. சுமை சீராக இருக்கிற உங்கள் விசிறி மாதிரி இடத்தில் இந்தப் பேரிங்குக்கு ஓட்ட மணித்தியாலக் கணக்கில் ஆயுள் என்று ஒன்று கிடையாது. அதைக் கெடுப்பதெல்லாம் வெளியிலிருந்து வருகிறது. எண்ணெய் நிற்பது, எண்ணெயில் தண்ணீரும் தூசியும் சேர்வது, அடிக்கடி நிறுத்தித் தொடங்குவது, அலைன்மென்ட் விலகுவது, ஷாஃப்ட் வழியே மின்சாரம் பாய்வது. ஆகவே மதிப்பிட வேண்டியது அந்த வைட் மெட்டல் துண்டை மட்டுமில்லை. படலத்தைக் காப்பாற்றுகிற ஏற்பாடு முழுவதையும். மேலதிகாரிக்கு முதலில் சொல்ல வேண்டியதும் இதுதான்.

அவருக்குச் சதவீதம்தான் வேண்டும் என்றால், கையிலுள்ள பதிவு எவ்வளவு தூரம் வரும் என்று பார்ப்போம். இரண்டு பேரிங், ஐந்து வருடம், பழுது பூச்சியம். மொத்தம் 10 பேரிங்-வருடம். பழுது வீதம் மாறாதது என்று எடுத்துக்கொண்டு 95 சதவீத நம்பிக்கையோடு கணித்தால், 10ஐ 3ஆல் வகுத்து (பழுது பூச்சியமானால் 95 சதவீதத்துக்கு வரும் எண் அது), சராசரிப் பழுது இடைவெளி குறைந்தது 3.3 வருடம் என்றுதான் உறுதியாகச் சொல்லலாம். அதை வைத்து இரண்டு வருடத்துக்குக் கணித்தால் ஒரு பேரிங் தாங்கும் நிகழ்தகவு குறைந்தது 55 சதவீதம். இரண்டும் சேர்ந்து தாங்க 30 சதவீதம். ஐந்து வருடம் ஒரு குறையுமில்லாமல் ஓடிய இயந்திரத்துக்கு 30 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தால் யாரும் ஏற்க மாட்டார்கள். ஏற்கவும் கூடாது, ஏனென்றால் அந்த எண் பேரிங்கைப் பற்றியதே இல்லை. நம்மிடம் இருக்கும் தரவு எவ்வளவு குறைவு என்பதைத்தான் அது சொல்கிறது. பழுதான காலங்களைப் புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் வைபுல் வரைபடம் போட்டாலும் இதே கதைதான். பத்துப் பதினைந்து பழுதாவது, அதுவும் ஒரே காரணத்தால் வந்த பழுதாக இருந்தால்தான் அந்தக் கோட்டுக்குப் பொருள் உண்டு. தண்ணீரால் போனதையும் எண்ணெய் நின்று போனதையும் ஒரே தாளில் புள்ளி வைத்தால் வருவது வெறும் கோடு.

பதிவு இதற்குமேல் வராது. இனிப் பௌதிகத்துக்குப் போகலாம். உங்கள் எண்களையே எடுக்கிறேன். ஒரு பேரிங்கின் மேல் சுமை சுமார் 6000 நியூட்டன். விட்டத்தையும் நீளத்தையும் பெருக்கிய பரப்பால் வகுத்தால் 0.56 மெகாபாஸ்கல். இது மெல்லிய சுமை. விட்ட இடைவெளி 0.18 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்கிறேன். ஆயிரத்துக்கு ஒன்றரை என்ற வழக்கமான அளவு. படலத்தின் சராசரி வெப்பம் 60 பாகை என்றால் விஜி 46 எண்ணெயின் பாகுநிலை ஏறத்தாழ 0.0175 பாஸ்கல்-செக்கன். வேகம், பாகுநிலை, சுமை, இடைவெளி எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் சொல்லும் சொமர்ஃபெல்ட் எண் 0.35க்குப் பக்கத்தில் வருகிறது. அந்த எண்ணுக்குப் படலம் எவ்வளவு என்று தரும் ரைமொண்டி-பொய்ட் அட்டவணையில் இடைக்கணித்துப் பார்த்தால் ஷாஃப்டின் விலகல் விகிதம் (நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது) 0.45 அளவில் நிற்கும், மிக மெல்லிய இடத்தில் படலம் சுமார் 50 மைக்ரோன். எண்ணெய் 80 பாகைக்கு ஏறினால் அது 35க்கு இறங்கும். வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் போட்டு 400 சுற்றில் ஓட்டினால் 25 அளவுக்கு வரும். நான் கவலைப்படத் தொடங்குவது 15 மைக்ரோனுக்குக் கீழேதான். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்போது உங்கள் பேரிங்குக்கு நல்ல இடமிருக்கிறது.

தேய்ந்து இடைவெளி இரண்டு மடங்கானால் படலம் மெலிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இதே கணக்கில் 80 பாகையில் 0.36 இடைவெளியைப் போட்டுப் பாருங்கள், படலம் 35இலிருந்து 30 மைக்ரோன் அளவுக்குத்தான் இறங்குகிறது. இழப்பது வேறு: விறைப்பும் அதிர்வை அடக்கும் திறனும் போய், ஷாஃப்ட் தளர்ந்து ஆடும். எண்ணெய் பக்கவாட்டில் கூடுதலாக ஒழுகி அமுக்கம் விழும். அதனால் இடைவெளியின் எல்லையைப் படலத் தடிப்பை வைத்துத் தீர்மானிக்காமல் அதிர்வையும் எண்ணெய் அமுக்கத்தையும் வைத்துத் தீர்மானியுங்கள்.

இனி, ஓடாதபோது என்ன நடக்கிறது? நம் நாட்டில் இதுதான் பெரிய கேள்வி. 2020 ஓகஸ்ட் 17 நாடு முழுவதும் மின்சாரம் போனது நினைவிருக்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதியும் அப்படியே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில். இடையில் 2022இல் மணிக்கணக்கான மின்வெட்டு. அந்த நேரங்களில் உங்கள் விசிறிக்கு என்ன நடந்தது என்று லொக் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மின்சாரம் போனதும் விசிறி மோட்டர் நிற்கும், எண்ணெய் பம்பும் அதே கணத்தில் நிற்கும். ஆனால் 1.2 தொன் ரோட்டர் உடனே நிற்காது; பல நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும், டாம்பர் (காற்றுவழியை மூடும் தகடு) மூடியிருந்தால் இன்னும் நீளும். அந்த நிமிடங்களில் பேரிங்குக்கு எண்ணெய் தருவது யார்?

தம்பி எழுதியதில் ஒரு வரி என் கண்ணில் பட்டது: "எண்ணெய் பம்ப் இரண்டு இருக்கிறது, ஒன்று நின்றால் மற்றது தானாக ஓடும்." ஒரு பம்ப் தேவைப்படும்போது ஓடாமல் போக நூறில் ஒரு வாய்ப்பு என்று வைத்தால், இரண்டும் ஓடாமல் போகப் பத்தாயிரத்தில் ஒன்று என்று காகிதத்தில் வரும். அந்தப் பெருக்கல் சரிவர, இரண்டுக்கும் பொதுவாக எதுவுமே இருக்கக் கூடாது. உங்கள் இரண்டு பம்பும் ஒரே மின் பலகையிலிருந்து ஓடுகின்றன என்றால், மின்சாரம் போகும் ஒவ்வொரு தடவையும் இரண்டும் சேர்ந்தே நிற்கும். உங்கள் எண்ணெய் ஏற்பாட்டின் நம்பகத்தன்மை அப்போது வெளி மின் விநியோகத்தின் நம்பகத்தன்மைதான், அதற்கு மேல் ஓர் இம்மியும் இல்லை. ஜெனரேற்றர் இருக்கிறது என்பீர்கள். அது எழும்பிச் சுமையை எடுக்கிற நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

இதற்கு மூன்று வழி உண்டு. பற்றரியில் ஓடும் டிசி பம்ப். உயரத்தில் ஓர் எண்ணெய்த் தாங்கி, அதிலிருந்து ஈர்ப்பால் எண்ணெய் இறங்கும். அல்லது பேரிங்கிலேயே எண்ணெய் வளையம், ஷாஃப்ட் சுற்றும்போது கீழிருந்து எண்ணெயை அள்ளி மேலே போடும். உங்கள் அளவு விசிறிக்கு எனக்குப் பிடித்தது உயரத் தாங்கிதான். அதில் கெடுவதற்கு எதுவும் இல்லை. அடுத்த திட்டமிட்ட நிறுத்தத்தின்போது கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, சுவிட்சை அணைத்த கணத்திலிருந்து ஷாஃப்ட் முழுதாக நிற்கும்வரை எத்தனை நிமிடம் என்று அளந்து எழுதுங்கள். நிமிடத்துக்கு வேண்டிய எண்ணெயை அதனால் பெருக்கினால் தாங்கியின் கொள்ளளவு கிடைத்துவிடும். அந்த நேரத்தை ஒவ்வொரு தடவையும் எழுதி வையுங்கள். காரணமில்லாமல் குறைந்துகொண்டே வந்தால் எங்கோ உரசுகிறது. டிசி பம்ப் வைத்தால் மாதம் ஒருமுறை உண்மையான அமுக்கத்தை இறக்கிச் சோதிக்க வேண்டும். பொத்தானை அழுத்தி மோட்டர் சுற்றுகிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. அமுக்கம் குறைவதை உணர்கிற சுவிட்சும் வயரும்தான் பல தடவை கைவிடுகிறவை.

தொடக்கங்களின் எண்ணிக்கையும் இங்கேதான் வருகிறது. நிற்கும்போதும் புறப்படும்போதும் சில கணம் ஷாஃப்ட் வைட் மெட்டலைத் தொட்டுக்கொண்டே சுற்றுகிறது. மணித்தியால மீற்றரை மட்டும் பார்க்கிற பழக்கத்தை விட்டு, எத்தனை தடவை தொடங்கியது, அதில் எத்தனை தடவை எண்ணெய் முன்கூட்டியே ஓடியது என்று எழுதினால் தேய்வின் கணக்கு அங்கே இருக்கும்.

அடுத்தது தண்ணீர். திருகோணமலையில் இதை லேசாக விடவே முடியாது. கடற்கரை ஆலைகள் பலவற்றில் எண்ணெய் கூலருக்குள் கடல் நீரோ, கடல் நீரால் குளிர்ந்த நீரோ ஓடும். ஓடும்போது எண்ணெயின் அமுக்கம் நீரின் அமுக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும்படி வைப்பார்கள். குழாயில் ஓட்டை விழுந்தாலும் எண்ணெய்தான் வெளியே போகும். ஆனால் விசிறியை நிறுத்தியதும் எண்ணெய் அமுக்கம் பூச்சியம். நீர் வால்வை மூடாமல் விட்டால் ஓட்டை வழியே உப்புநீர் உள்ளே வரும். மறுபடி ஓட்டும்போது அமுக்கம் திரும்பிவிடுவதால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. நிறுத்தும் ஒழுங்கில் "கூலர் நீர் வால்வை மூடு" என்ற வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

உப்புநீர் துருவோடு நிற்பதில்லை. வெள்ளீயம் கூடிய வைட் மெட்டலில் அது வெள்ளீய ஒட்சைட்டை உண்டாக்கும். பேரிங்கைத் திறந்தால் கரும்சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக ஒரு பொருக்கு தெரியும். நல்ல வைட் மெட்டலில் பேனாக்கத்தியை வைத்து அழுத்தினால் பளபளவென்று வெட்டு விழும். இந்தப் பொருக்கில் கத்தி வழுக்கும். மென்மையாக இருந்து தூசியைத் தனக்குள் புதைத்துக்கொள்ள வேண்டிய பரப்பு, ஷாஃப்டையே அராவும் அரமாகிவிடுகிறது. பொருக்கு தடிப்பாவதால் இடைவெளியும் குறையும். வெறும் அழுக்கு என்று துடைத்துவிட்டு மூடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது துடைத்தால் போகாது.

இதை முன்கூட்டியே பிடிக்க எண்ணெய் மாதிரியில் சோடியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கடல் நீரில் சோடியம் மக்னீசியத்தைவிட எட்டு மடங்கு அளவில் இருக்கும். இரண்டும் அந்த விகிதத்தில் சேர்ந்து ஏறினால் கூலர்தான். சோடியம் மட்டும் ஏறினால் வேறு இடத்தில் தேடலாம், கிரீஸிலிருந்தும் வரும். ஆய்வுகூட அறிக்கை கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க முடியாதென்றால், சூடான தட்டில் ஒரு துளி விடுங்கள். தண்ணீர் கூடியிருந்தால் படபடவென்று வெடிக்கும். மாதிரியைத் தாங்கியின் அடியிலிருந்து எடுக்காமல், ஓடிக்கொண்டிருக்கும்போது பேரிங்குக்குள் போகும் குழாயிலிருந்து எடுங்கள். வாடைக் காலத்தில் தாங்கியின் மூச்சுக்குழாய் வழியாகவே ஈரம் இறங்கும், அந்த மாதங்களில் மாதிரியை அடிக்கடி எடுப்பது நல்லது.

தூசியைப் பற்றிச் சுருக்கமாக. சீமெந்துத் தூசியோ புல்மோட்டைப் பக்கத்து இல்மனைட் மணலோ, படலத்தின் தடிப்புக்கு நெருங்கிய அளவில் இருக்கும் துகள்தான் ஆபத்தானது. 50 மைக்ரோன் படலத்துக்கு 10 மைக்ரோன் வடிகட்டி போதும். அதை மாற்றும்போது உள்ளே தூசி விழாமல் மாற்றினால் சரி.

வெப்பநிலை 68 பாகை, நல்ல நிலை என்று தம்பி எழுதியிருக்கிறார். அது வெளியேறும் எண்ணெயின் வெப்பம் என்று நினைக்கிறேன். பேரிங் முழுவதும் சுற்றிவந்த எண்ணெய் கலந்து வெளியேறுகிறது. சுமை தாங்கும் அடிப்பகுதியில் ஓர் ஓரம் கொதித்தாலும் அந்த எண்ணில் அது கரைந்துவிடும். வைட் மெட்டலுக்குப் பின்னால், அடிப்பகுதியில் பதித்த ஆர்டிடி (வெப்பநிலை உணரி) சொல்வதுதான் உண்மை. பொதுவாக 110, 115 பாகை அளவில் எச்சரிக்கையும் 120, 125 அளவில் நிறுத்தமும் வைப்பார்கள். வைட் மெட்டல் உருகத் தொடங்குவது 240 பாகை அளவில்தான் என்றாலும் அதற்கு வெகு முன்பே அது பலமிழந்து இழுபடும். இன்னொன்று, கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் இங்கே எல்லாமே சூடு. ஜூலை மாத எண்ணையும் டிசம்பர் மாத எண்ணையும் நேரடியாக ஒப்பிட்டால் இல்லாத பழுது தெரியும், இருக்கிற பழுது மறையும். உள்ளே போகும் எண்ணெய்க்கும் உலோகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வரைபடமாகப் போடுங்கள், பருவம் தானாகவே கழிந்துவிடும்.

அதிர்வில் ஒரு பொதுவான ஏமாற்றம் இருக்கிறது. கைக்கருவியைப் பேரிங் பெட்டியின் மேல் வைத்து 2 மில்லிமீற்றர்/செக்கன் என்று பார்த்துவிட்டு நிம்மதியாகப் போகிறார்கள். எண்ணெய்ப் படலம் அதிர்வை உறிஞ்சுவதால் ஷாஃப்ட் உள்ளே ஆடுவது பெட்டிக்கு முழுதாக வந்து சேர்வதில்லை. ஷாஃப்டையே நேராகப் பார்க்கும் ப்ரொக்சிமிட்டி ப்ரோப் இரண்டு, 90 பாகை இடைவெளியில் பூட்டினால் அதிர்வோடு ஷாஃப்டின் சராசரி இருப்பிடமும் கிடைக்கும். வழக்கமான ப்ரோப் மில்லிமீற்றருக்கு 7.87 வோல்ட் தரும். அடிப்பகுதி 0.1 மில்லிமீற்றர் தேய்ந்து ஷாஃப்ட் ப்ரோபின் நேர்கோட்டில் இறங்கினால் கிட்டத்தட்ட 0.8 வோல்ட் மாறும். பேரிங்கைத் திறக்காமலே தேய்வை அளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அலைவரிசையைப் பார்க்கும்போது ஓட்ட வேகத்தின் 40 முதல் 48 சதவீதத்தில், உங்கள் விசிறிக்கு 10 முதல் 12 ஹெர்ட்ஸில், ஒரு முனை எழும்புகிறதா என்று பாருங்கள். அது எண்ணெய்ச் சுழல். இடைவெளி கூடியதற்கும் சுமை மெல்லியதாக இருப்பதற்கும் அதுவே சாட்சி.

திறந்து பார்க்கும் நாளில் அவசரப்படாதீர்கள். மேல் மூடியைக் கழற்றியதும், எதையும் துடைக்குமுன் படம் எடுங்கள். கீழ் ஷெல்லின் (பேரிங்கின் கீழ்ப் பாதியின்) நடுவில் சீரான மங்கிய மினுக்கம் தெரிந்தால் நல்லது. மினுக்கம் ஒரு ஷெல்லின் முன் இடது மூலையிலும் பின் வலது மூலையிலும் குறுக்காக விழுந்திருந்தால் அலைன்மென்ட் சரியில்லை. உலோகம் சுழலும் திசையில் இழுபட்டுப் பூசியதுபோல இருந்தால் ஒருமுறையாவது எண்ணெய் இல்லாமல் ஓடியிருக்கிறது. மின்தடை நாட்களோடு ஒப்பிடுங்கள். மூச்சுப்பட்ட கண்ணாடிபோல் பரப்பு பூத்திருந்தால் ஷாஃப்ட் மின்சாரம், டிரைவ் போட்ட மோட்டர்களில் கூடுதலாக வரும். எர்த்திங் பிரஷ்ஷையும் காப்பையும் பாருங்கள். இடைவெளிக்கு ஷாஃப்டின் மேல் ஈயக்கம்பியை வைத்து மூடியைச் சரியான இறுக்கத்தில் பூட்டிக் கழற்றி, நசுங்கிய தடிப்பை மைக்ரோமீற்றரில் அளந்தால் போதும்.

மேலதிகாரிக்கு நான் எழுதுவதாக இருந்தால் சதவீதத்தை எழுத மாட்டேன். இப்படி எழுதுவேன்: "ஓட்டத்தில் படலம் கணக்குப்படி 35 முதல் 50 மைக்ரோன், போதுமானது. மின்தடையின்போது எண்ணெய் கிடைப்பதற்கு ஏற்பாடில்லை. இது செய்யப்படும்வரை ஒவ்வொரு மின்தடையும் இந்தப் பேரிங்குக்கு நேரடி ஆபத்து. கூலரில் நீர்க்கசிவு உண்டா என்பது எண்ணெய் மாதிரியில் தெரியவரும். இந்த இரண்டும் தீர்ந்தால் திறக்காமல் இரண்டு வருடம் ஓட்டலாம், உலோக வெப்பமும் ஷாஃப்ட் இருப்பிடமும் மாறாதவரை." காசு ஒதுக்குகிறவருக்கு எதற்கு ஒதுக்க வேண்டும் என்பது இதில் இருக்கிறது.

ஒரு சோடி மாற்று ஷெல் வாங்கி வைக்கவா என்றும் தம்பி கேட்டிருந்தார். வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதற்கும் இங்கே மறுபடி வார்ப்பதற்கும் எடுக்கும் காலம் ஆலையை நிறுத்திவைக்கிற காலம். ஆனால் பெட்டியோடு அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். வந்தவுடன் விட்டத்தை அளந்து எழுதுங்கள். வைட் மெட்டல் பின்தகட்டோடு ஒட்டியிருக்கிறதா என்று அல்ட்ராசோனிக் முறையில் பாருங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, வெளியே எடுத்து நன்றாகத் துடைத்து, இரண்டு உலோகமும் சேரும் விளிம்பில் சோக்குக் கட்டியைக் கரைத்துப் பூசிக் காயவிடுங்கள். ஒட்டாத இடத்தில் மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளையில் கறை காட்டும். கறை வந்தால் திருப்பி அனுப்புங்கள். வராவிட்டால் துருத்தடுப்பு எண்ணெய் பூசி, மெழுகுத்தாளில் சுற்றி, நம் ஊர் உப்புக்காற்றுப் படாதபடி மூடிய பெட்டியில் வையுங்கள்.